வண்டி நின்றுவிட்டால் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

சிங்கப்பூரில் நடுவழியில் கார் நின்றால் ஒருவரும் உதவமாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதி உண்மைதான். தீவு விரைவுச்சாலையில் உங்களைக் கடந்து போகிறவர்களில் யாரும் நிற்கமாட்டார்கள், நிற்கவும் கூடாது. அவர்களில் ஒருவரே அன்றிரவு உங்கள் புளோக்கின் கார்நிறுத்த மாடியில், நீங்கள் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், "பேட்டரியா?" என்று கேட்காமல் போவது கடினம். எந்த இடத்தில் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்திருந்தால் இந்த ஊரில் உதவிக்குப் பஞ்சமில்லை. வருபவருக்கு ஆபத்தும் செலவும் நேரமும் குறைவாக இருக்கும்படி கேட்பது வண்டி நின்றவரின் பொறுப்பு. அதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

முதலில் விரைவுச்சாலை. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். முக்கோணப் பலகையைக் காருக்குக் குறைந்தது 20 மீட்டர் பின்னால் வைக்கவேண்டும் என்று உரிமம் எடுக்கும்போது படித்திருப்போம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 20 மீட்டரில் வைத்த பலகை பின்னால் வருபவருக்கு ஒரு நொடி அவகாசம்கூடத் தராது. பேட்டைச் சாலைக்கு அது போதும். விரைவுச்சாலையில் 100 மீட்டர் தள்ளி வைத்தால்தான் 4 நொடி கிடைக்கும். ஆனால் அந்த 100 மீட்டரையும் நடந்து போகவேண்டியவர் நீங்கள். தடுப்புக் கம்பிக்கு வெளிப்பக்கம் நடக்க வழி இருந்தால், வரும் வண்டிகளைப் பார்த்தபடி, பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு போய் வையுங்கள். வளைவு, கனமழை, நடக்க இடமே இல்லை என்றால் பலகையைவிட ஆள் முக்கியம். அபாய விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் அணைந்ததும் வண்டி உடனே நின்றுவிடாது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் சில நூறு மீட்டர் உருளும். அதை வீணாக்காமல் இடப்பக்க ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கில் இரண்டு மூன்று முறை அழுத்துவதற்கான வலுதான் மிஞ்சியிருக்கும்; தட்டித் தட்டிப் பார்த்தால் அது தீர்ந்து மிதி கல்லாகிவிடும். ஒரே சீராக ஒருமுறை அழுத்துங்கள். சாவியை முழுதாக அணைக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

நின்றதும் எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போகவேண்டும். அங்கேயும் காருக்கு முன்னால் நிற்காதீர்கள். பின்னால் வரும் லாரி மோதினால் கார் முன்னோக்கித்தான் பறக்கும். அதனால் போக்குவரத்து வரும் திசையில், காருக்குச் சில மீட்டர் பின்னால், கம்பிக்கு வெளியே நிற்பது நல்லது. வலக்கோடியில் இருக்கும் முதல் தடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் சாலையைக் கடக்க முயலவே கூடாது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்து தொலைபேசியில் அழையுங்கள்.

யாரை? நிலப் போக்குவரத்து ஆணையத்தை (எல்டிஏ). விரைவுச்சாலைகளைக் கேமராவில் கண்காணிக்கும் இமாஸ் 1998ல் மத்திய விரைவுச்சாலையில் தொடங்கியது. அதன் மீட்பு வண்டி பழுதான காரைப் பக்கத்தில் உள்ள குறிப்பிட்ட கார்நிறுத்தத்துக்கு இலவசமாக இழுத்துச் செல்லும். அங்கிருந்து ஒர்க்‌ஷாப் போவது உங்கள் செலவு. இந்த ஏற்பாடு இருக்கும்போது, போகிற வழியில் இருக்கும் ஒருவரைக் கைகாட்டி நிறுத்துவது நியாயமில்லை. அவசரமில்லாமல் ஓரத்தில் நிற்பது குற்றம். உங்களுக்கு அவசரம் என்பது வெளிப்படை, அவருக்கும் அது அவசரம்தான் என்று யார் வாதாடுவது?

ஆணையத்தின் எண்ணை இன்றே கைப்பேசியில் சேமித்து வையுங்கள். அழைக்கும்போது சொல்லவேண்டியது நாலே விஷயம். எந்த விரைவுச்சாலை, எந்தத் திசை என்பது முதலாவது. சாங்கி நோக்கியா துவாஸ் நோக்கியா என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். கடைசியாகக் கடந்த வெளிவழி இரண்டாவது. பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண் மூன்றாவது. நான்காவது, வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பது. கம்ப எண்ணைச் சொல்லிவிட்டால் தேடவேண்டியதே இல்லை. மின்சார வண்டி என்றால் அதையும் சொல்லுங்கள். இரண்டு சக்கரத்தைத் தரையில் உருட்டியபடி அதை இழுக்கக்கூடாது, முழுதாக ஏற்றிக்கொள்ளும் வண்டி வரவேண்டும். காயம் என்றால் 995, வழி மறித்து ஆபத்தாக நிற்கிறது என்றால் 999.

சுரங்கச்சாலைக்குத் தனிக் கணக்கு. காலாங்-பாய லேபார், மரினா கரையோர விரைவுச்சாலைகளின் அடியில் ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது. சுவரில் உள்ள அவசரத் தொலைபேசியை எடுத்தால் நேரே கட்டுப்பாட்டு அறை பேசும், நீங்கள் நிற்கும் இடமும் அவர்களுக்குத் தெரியும். வானொலியைப் போட்டு வைத்தால் அறிவிப்பு அதிலேயே குறுக்கிட்டு வரும். புகை தெரிந்தால் எஞ்சினை அணைத்து, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, அவசரக் கதவு வழியாக வெளியேறுங்கள்.

அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. "பாஸ், நான் இழுத்து விடறேன்" என்ற குரல் ரொம்ப இனிமையாக இருக்கும். எல்டிஏ அனுப்பியதா, உங்கள் காப்பீட்டு நிறுவனம் அனுப்பியதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் கொக்கி மாட்ட விடாதீர்கள். விபத்து என்றால் இன்னும் கவனம் தேவை. 2008 ஜூன் முதல் இருக்கும் மோட்டார் இழப்பீட்டு நடைமுறைப்படி, விபத்தை 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்கவேண்டும்; இழுவை வண்டியையும் அவர்கள் எண்ணில்தான் கேட்கவேண்டும். வழியில் வந்தவர் காரைத் தனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால், பின்னால் இழப்பீடு பேசும்போது வம்பு.

இனி கார்நிறுத்த மாடி. அக்கம்பக்கத்தார் உதவி உண்மையில் பலன் தரும் இடம் இதுதான். இங்கே நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பேட்டரி. குளிர் நாட்டில் ஐந்து ஆண்டு ஓடும் பேட்டரி இங்கே இரண்டு, மூன்று ஆண்டில் கையை விரித்துவிடும். வெப்பத்தில் உள்ளேயிருக்கும் தகடுகள் வேகமாக அரிக்கின்றன, நீரும் ஆவியாகிறது. பத்து நிமிடச் சவாரியில் அது நிறைவதற்கும் நேரம் இருப்பதில்லை. இதோடு நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம் வேறு. அது 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று நாள் விடுமுறை முடிவதற்குள் கிட்டத்தட்ட பாதி போய்விடும். பழைய பேட்டரிக்கு அது போதும், செத்துவிடும்.

ஆளைக் கூப்பிடும் முன் ஒரு நிமிடம் ஒலியைக் கேளுங்கள். "டக டக டக" என்று வேகமாக வந்தால் பேட்டரி. ஒரே ஒரு "டொக்", விளக்குகளும் பளிச்சென்று இருக்கின்றன என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாராக இருக்கலாம். இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் ஏற்றி, அதாவது ஜம்ப் கொடுத்தும் பலன் இராது. விளக்கு எல்லாம் சரி, ஒலியே இல்லை என்றால் கியர் 'பி'யில் இருக்கிறதா, பிரேக் முழுதாக மிதிபடுகிறதா என்று பாருங்கள். பேட்டரி முனைகளைக் கையால் திருகிப் பாருங்கள்; சுழன்றால் அதுதான் நோய். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. ஓய்வில் 12.6 வோல்ட் முழுமை, 12.2 பாதி, 12க்குக் கீழே காலி.

ரிமோட்டுக்குக் கார் திறக்கவில்லை என்றால் சாவிக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவி ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். பானெட் நெம்புகோல் உள்ளே காலடியில். ஆனால் பல கார்களில் பின் டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும். ஜம்பர் கேபிளை டிக்கியில் வைத்திருப்பவர்கள் பின் இருக்கையை மடித்து உள்ளே ஊர்ந்து எடுக்கவேண்டியதுதான். கேபிளின் இடம் முன் இருக்கைக்குப் பின்னால்.

இப்போது கேட்பது. "கார் ஸ்டார்ட் ஆகல, ஹெல்ப் பண்ண முடியுமா?" என்றால் கேட்பவருக்கு அது அரை மணியா, அரை நாளா என்று தெரியாது. "அண்ணே, பேட்டரி வீக். கேபிள் எங்கிட்ட இருக்கு. உங்க காரை முன்னால பத்து நிமிஷம் நிறுத்தினா போதும்" என்று சொல்லிப் பாருங்கள். கேபிள் உங்களிடம் இருப்பதும் நேரம் எவ்வளவு என்பதும் தெரிந்ததும் முகம் தளர்வதைப் பார்க்கலாம். சீன அங்கிளிடம், மலாய் மக்சிக்கிடம் கேட்டாலும் சங்கதி இதுதான். 1979ல் தொடங்கிய மரியாதை இயக்கத்தின் சுவரொட்டிகள் எவ்வளவு சாதித்தனவோ தெரியாது, தெளிவாகக் கேட்ட ஒரு வாக்கியம் நிச்சயம் வேலை செய்யும்.

அவருடைய கார் என்ன வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார் என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். இன்னொரு வண்டிக்கு மின்சாரம் கொடுக்க அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. அவற்றின் 12 வோல்ட் பக்கத்தை நிரப்புவது, பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு கருவி. இன்னொரு எஞ்சினின் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்துக்கு அதைச் செய்யவில்லை. பழுதானால் செலவு ஆயிரக்கணக்கில், அதுவும் நல்ல மனதோடு வந்தவர் தலையில். அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம், நீங்கள்தான் சொல்லவேண்டும். வாடகைக் கார்களில் ஹைப்ரிட் நிறைய என்பதால் அவர்களை மறிப்பதில் பயனில்லை. மறுபக்கம், நின்றுபோனது உங்கள் ஹைப்ரிட் என்றால் கவலை குறைவு. கணினிகளை எழுப்பும் அளவு மின்சாரம் வந்தாலே 'ரெடி' விளக்கு எரிந்துவிடும். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் தாராளம்.

ஒரு கார்நிறுத்தக் கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். பின்னோக்கி நிறுத்தியிருந்தால் உங்கள் எஞ்சின் வழிப்பாதையைப் பார்த்திருக்கும், எதிரே அவர் வந்து நின்றால் இரண்டரை மீட்டர் கேபிள் எட்டும். மூக்கைச் சுவரில் இடித்து நிறுத்தியிருந்தால் கார் முழு நீளத்தையும் தாண்டி வரவேண்டும், பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தாலொழிய எட்டாது. 4 மீட்டர் கேபிளாக வாங்குங்கள். தடிமனும் பாருங்கள்: மலிவுக் கேபிளில் மேலே ரப்பர்தான் தடிமன், உள்ளே செம்பு நூல் அளவு. அது சூடேறுமே தவிர எஞ்சினைச் சுழற்றாது.

இரண்டு காரும் ஒன்றையொன்று தொடக்கூடாது, இரண்டும் அணைந்திருக்கவேண்டும். சிவப்பு முதலில் உங்கள் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை அவருடைய பாசிட்டிவில். பிறகு கறுப்பு அவருடைய நெகட்டிவில். கடைசிக் கறுப்பை உங்கள் பேட்டரியில் மாட்டாதீர்கள். எஞ்சினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்பு ஒன்றில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், இரண்டும் சந்திக்கக்கூடாது. சிவப்பும் கறுப்பும் மாறினால் போச்சு: ஃபியூஸில் தொடங்கி, பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர், கணினி வரை, இரண்டு காரிலும். பொடி படிந்து முனையின் குறி தெரியவில்லை என்றால் துடைத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டு மாட்டுங்கள். பிஎம்டபிள்யூ போன்ற சில கார்களில் பேட்டரி டிக்கியில் இருக்கும், ஜம்ப் கொடுக்கும் முனை மட்டும் பானெட்டின் கீழே சிவப்பு மூடிக்குள்.

அவர் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடட்டும். உடனே சாவியைத் திருப்பத் துடிப்பவர்கள்தான் "கேபிள் சரியில்லை" என்று புலம்புவார்கள். எஞ்சின் பிடித்ததும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு அவரை இரண்டு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டையும் ஏர்கோனையும் போட்டும் எஞ்சின் தாங்கினால் அனுப்பிவிடலாம். கேபிளை எடுத்ததும் இருமி அணைந்தாலோ, பேட்டரி விளக்கு அணையாமல் எரிந்தாலோ ஆல்டர்னேட்டர் அல்லது அதைச் சுழற்றும் பெல்ட் பழுது. ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரவேண்டும். வரவில்லை என்றால் வெளியே எடுக்காதீர்கள், விரைவுச்சாலையில் போய் நிற்பீர்கள்.

ஓடிவிட்டது என்றால் நேரே பேட்டரிக் கடைக்கு. வழியில் பெட்ரோல் நிலையம் வேண்டாம், அங்கே எஞ்சினை அணைத்தாகவேண்டும். கார்நிறுத்தத்துக்கே பேட்டரி கொண்டுவந்து மாற்றித் தரும் ஆட்கள் இரவிலும் வருவார்கள்; விலையையும் பழைய பேட்டரிக்கான கழிவையும் தொலைபேசியிலேயே பேசி முடித்துவிடுங்கள். இழுத்துத்தான் போகவேண்டும் என்றால், மாடியின் உயரக் கம்பியைச் சாதாரண இழுவை வண்டி தாண்டாது. "எம்எஸ்சிபி (பலமாடிக் கார்நிறுத்தம்), இத்தனையாவது மாடி" என்று முதலிலேயே சொன்னால் தாழ்வான வண்டியோ சக்கரத்துக்கு அடியில் வைக்கும் டோலியோ கொண்டுவருவார்கள், கட்டணமும் கூடும். 'பி'யில் மாட்டிய கியரை விடுவிக்கப் பல கார்களில் கியர் அருகே ஒரு சின்ன மூடி இருக்கும்; அதற்குள் சாவியை அழுத்தியபடி 'என்'னுக்கு நகர்த்தலாம். பொத்தான் கியர், மின் கைபிரேக் உள்ள வண்டிக்கு அந்த வசதி கிடையாது.

தள்ளுவது. கோப்பிக்கடைக்கு எதிரே சாலையில் நின்றுவிட்டால் வேலை முடிந்து லாரியிலிருந்து இறங்கும் நம் ஊர்த் தம்பிகள் கேட்பதற்கு முன்பே வந்துவிடுவார்கள். பகல் முழுக்க உடம்பால் உழைத்தவர்கள் அவர்கள், அதிகாரம் வேண்டாம், "தம்பி, அந்தக் கட்டம் வரைக்கும் ஒரு கை கொடுக்கிறீங்களா?" என்று தூரத்தைக் காட்டிக் கேளுங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும், சாவி 'ஆன்' நிலையில், கியர் 'என்'னில். பிரேக் கல்லாக இருக்கும், இரண்டு காலாலும் அழுத்தத் தயாராக இருங்கள். பின் விளக்கு, கண்ணாடி, ஸ்பாய்லரில் கை வைக்கவேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். டிக்கியின் கீழ் விளிம்பிலும் கதவுத் தூணிலும் வைத்துத் தள்ளட்டும். மாடியின் சாய்தளத்தில் மட்டும் எத்தனை பேர் வந்தாலும் தள்ளக் கேட்காதீர்கள். ஒன்றே கால் டன் இரும்பு பின்னால் உருண்டால் எட்டுப் பேர் பிடித்தாலும் நிற்காது. தள்ளி ஸ்டார்ட் செய்வது கையால் கியர் மாற்றும் வேன், லாரிக்குத்தான்; ஆட்டோ கியரில் நடக்காது.

டயர் சமாச்சாரம் சுருக்கம்தான். புதுக் கார்களில் உபரிச் சக்கரமே இருப்பதில்லை, பசையும் காற்றுப் பம்பும்தான். அது தரையில் படும் பகுதியின் சிறு ஓட்டைக்கு உதவும், பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. மெல்லிய உபரிச் சக்கரம் இருந்தால் அதில் 60 பிஎஸ்ஐ காற்று இருக்கவேண்டும், வேகம் 80ஐத் தாண்டக்கூடாது. நட்டுகளை ஜாக் ஏற்றும் முன்பே தளர்த்துங்கள். உதவ வருபவர் கையில் ஸ்பேனர் இருக்கலாம், உங்கள் காரின் பூட்டு நட்டுக்கான சாவி இருக்காது. அது எங்கே என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

சூடேறி நின்ற வண்டிக்கு வரும் உதவிதான் சில சமயம் கெடுதல் செய்யும். புகையைப் பார்த்ததும் யாராவது ஐஸ் தண்ணீரோடு ஓடி வருவார். வாங்கிக் குடியுங்கள், எஞ்சினில் ஊற்றாதீர்கள். கொதிக்கும் உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம். ரேடியேட்டர் மூடியையும் யாரையும் திறக்க விடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 பாகைக்கு மேலும் நீராகவே இருப்பது, மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் பாயும். அரை மணிக்கு மேல் காத்திருந்து, மேல் குழாயைத் துணியோடு அமுக்கி, மெத்தென்று இருந்தால் சாதாரண நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக. ஜோகூர் பாலத்து நெரிசலில் இது அடிக்கடி நடக்கும். வண்டி ஊரும்போது காற்று போதாமல் விசிறியை மட்டுமே நம்பியிருக்கும். விசிறி பழுது அங்கேதான் வெளியே வரும்.

உதவியவருக்குப் பணம் நீட்டுவதா? பக்கத்து புளோக்காரர் பேநவ் எண்ணைத் தரமாட்டார், வற்புறுத்தினால் சங்கடப்படுவார். தள்ளிவிட்ட தம்பிகளுக்குக் கோப்பிக்கடையில் ஆளுக்கொரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள். கேபிள் அவருடையது என்றால் கிளிப்பில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் துடைத்து, சுருட்டிக் கொடுங்கள். அவர் கிளம்பும் முன் அவருடைய பானெட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள். பேச்சுச் சுவாரசியத்தில் பாதி மூடிய பானெட்டோடு கிளம்பி விரைவுச்சாலையில் ஏறுபவர்கள் உண்டு.